அதலக்கிழங்கும் செம்பருத்தித் தண்ணீரும்

மலைமேல் இருந்த அந்தச் சிறிய மடத்தில் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலை வரும். இது தெரிந்தவர்கள் யோசித்துத்தான் கேள்வி கேட்பார்கள். வெயிலுமுத்து யோசிக்காமல் கேட்கிறவர். அதனால் மடத்திலேயே அதிக வேலை அவருக்குத்தான் வந்து சேர்ந்தது.

மடத்தை நடத்தியவர் உலகம்மை. கடையத்துப் பக்கம் பிறந்தவர், வயது ஐம்பதைத் தொடவில்லை. எல்லோரும் அவரை அம்மா என்றார்கள். அறுபதைத் தாண்டிய வெயிலுமுத்துவும் அம்மா என்றே கூப்பிட்டார். அவர் பதிலுக்கு அண்ணாச்சி என்பார். குரு தங்கை வயதிலும் சீடர் அண்ணன் வயதிலும் இருப்பது பார்க்க வந்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கலாம். அவர்கள் இருவருக்கும் அது பழகிவிட்டது.

வெயிலுமுத்துவுக்குச் சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமம். அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குடுவை கழுவியும் அமிலம் அளந்தும் காலம் போனதால், எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். பிள்ளைகள் இல்லை. மனைவி செண்பகம் இறந்த பிறகு அந்த வீட்டில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு தை மாதம் பெட்டியோடு மடத்துக்கு வந்துவிட்டார்.

எத்தனையோ மடம் இருக்க இந்த மலைக்கு ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இங்கே குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார். செண்பகம் பிறந்து வளர்ந்தது இதே மலையில், இரண்டு வளைவு தள்ளி ஒரு காபித் தோட்டத்தில் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார்.

அந்தச் சித்திரையில் ஊரிலிருந்து ஆள் வந்தது. பங்காளிகள் சேர்ந்து புஞ்சையைச் சோலார் கம்பெனிக்குக் கொடுக்கிறார்கள், கையெழுத்துப் போட வர வேண்டும் என்றார்கள். போய்ப் போட்டார். போட்டுவிட்டு, வெயிலில் வெடித்துக் கிடந்த வரப்பைக் கடப்பாரையால் நெம்பி, மண்ணுக்கடியில் உறங்கிக் கிடந்த அதலக்கிழங்குகளை எடுத்து ஒரு துணியில் முடிந்துகொண்டு மலையேறினார். புஞ்சையிலிருந்து அவர் எடுத்து வந்தது அவ்வளவுதான்.

அதலைக்கொடி கரிசலில் தானாக வரும். ஐப்பசியில் மழை விழுந்ததும் வரப்போரம் படர்ந்து, விரல்நுனி பருமனில் காய்க்கும். பாகலை விடச் சின்னது, கசப்பு மட்டும் குறைவில்லை. அந்த மண்ணில் பிறந்தவர்கள் அதற்கு உயிரை விடுவார்கள். மற்றவர்கள் ஒரு வாய் எடுத்ததும் தண்ணீர் கேட்பார்கள். செண்பகம் மழைக்காலம் முழுக்க அதைத்தான் பொரிப்பாள். ஈரக் கரிசல் காலில் அப்பிச் செருப்பு கனக்க, மடி நிறைய அதலக்காயோடு அவள் வாசலில் வந்து நிற்பது வெயிலுமுத்துவுக்குக் கண்ணை மூடாமலே தெரியும். அந்தக் கிழங்கு மட்டும் முளைத்துவிட்டால் அவள் முழுதாகப் போய்விடவில்லை என்று ஆகும். இப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

புரட்டாசியில் அம்மா தோட்டத்தை அவர் கையில் கொடுத்தார். மழை பிடித்தால் மலைப்பாதையில் மண் சரியும், கீழிருந்து காய்கறி வண்டி வராது, மடம் தன் தோட்டத்தை நம்பித்தான் சாப்பிட வேண்டும். அந்தத் தோட்டமோ பார்ப்பாரில்லாமல் புல் மண்டிக் கிடந்தது. என்ன போடுவது என்று அம்மா சொல்லவில்லை. வெயிலுமுத்துவுக்கு அது போதுமாயிருந்தது.

"அம்மா, இந்த மண்ணுல அதலை வருமா?"

அம்மா விளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். விளக்கு தேய்ப்பதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

"நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றார்.

பார்ப்பதென்றால் வெயிலுமுத்துவுக்குச் சோதனைதான். லிட்மஸ் தாள் இல்லையே என்று ஒரு நிமிடம் வருந்தினார். பிறகு சன்னதிக்குப் பறித்தது போக மீதி நின்ற செம்பருத்திப் பூக்களைக் கொதிநீரில் போட்டு மூடி, சாயம் இறங்கியதும் வடிகட்டினார். பாத்தியில் ஒரு சாண் ஆழத்தில் மண் எடுத்து, வேரும் கல்லும் பொறுக்கி, நிழலில் உலர்த்தினார். கிணற்றுத் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ என்று அதை நம்பாமல், பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரில் மண்ணைக் கலக்கினார். கலங்கல் அடங்கி மேலே தெளிந்த நீரை எடுத்து அதில் செம்பருத்தித் தண்ணீரை விட்டார்.

ரோஸ் ஆனது.

இன்னொரு டம்ளரில் ஈர மண்ணை வைத்து ஆப்பசோடாவைத் தூவினார். லேசாக நுரை கட்டியது. மூன்றாவதில் எலுமிச்சையைப் பிழிந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று டம்ளரும் ஒரே சேதியைத்தான் சொல்லின. மண் புளித்த மண், அமிலம் கூடினது. சுண்ணாம்பு ஓடிய கரிசலுக்கு நேர் எதிர்.

ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனார்.

"என்ன நிறம்?"

"ரோஸ்."

அம்மா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வெயிலுமுத்துவுக்குச் சுருக்கென்றது. இது நல்லாயிருப்பதற்கில்லை, இதில் அதலை வராது, மண்ணை மாற்றினால்தான் உண்டு என்று விளக்கினார். எப்படி மாற்றுவது என்று அம்மாவிடமே கேட்டார். யோசிக்காமல் கேட்டதற்கு வழக்கம்போல வேலை வந்தது. தோட்டம் பெரிசு, எல்லா இடத்தையும் பார்த்தாகிவிட்டதா என்று அம்மா திருப்பிக் கேட்டார்.

அவர் எல்லா இடத்தையும் பார்த்தார். பலா மரத்தடி, மாட்டுக்கொட்டகை ஓரம், அடுக்களைத் தண்ணீர் போகும் வாய்க்கால் கரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டம்ளர் வைத்தார். கூடத்து ஜன்னலோரம் டம்ளர்கள் வரிசையாக நின்றன. ஊரிலிருந்து வந்த ஒரு பக்தர் நன்னாரி சர்பத் என்று நினைத்து ஒன்றை வாயருகே கொண்டுபோய்விட்டார். கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய என்று எல்லாம் ரோஸாகத்தான் இருந்தது.

கடைசியில் வடமேற்கு மூலையில் எடுத்த மண் பச்சை காட்டியது.

நல்ல பச்சை. எலுமிச்சை பிழிந்தால் பொங்கவும் செய்தது. வெயிலுமுத்து அந்த வயதில் ஓடக் கூடாது, ஆனாலும் ஓடினார். டம்ளரில் பாதி வழியிலேயே சிந்திவிட்டது.

"அம்மா, பச்சை. இந்த மலையிலயும் நம்ம மண்ணு கெடக்கு."

அம்மா டம்ளரைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தார்.

"அந்த மூலையா?"

"ஆமாம்மா."

"எல்லாக் கிழங்கையுமா நடப்போறீங்க?"

வெயிலுமுத்து யோசித்தார். இதற்கு மட்டும் யோசித்தார். "பாதி" என்றார். அம்மா தலையை ஆட்டிவிட்டு விளக்குக்குத் திரும்பினார்.

அந்த மூலை எதுவென்று இப்போது சொல்ல வேண்டும். மடத்தில் திருநீறு வெளியே வாங்குவதில்லை. சாணத்தை உருண்டை பிடித்துக் காயவைத்து, சிவராத்திரியில் உமி மூட்டம் போட்டுச் சுடுவார்கள். வெந்ததைச் சலித்து நைசை எடுத்துக்கொண்டு, கப்பியையும் உமிச்சாம்பலையும் வடமேற்கு மூலையில் கொட்டுவார்கள். காலகாலமாக அங்கேதான் கொட்டுகிறார்கள். சாம்பல் செம்பருத்தித் தண்ணீரைப் பச்சையாக்கும், எலுமிச்சை பட்டால் பொங்கும். இது ஆய்வகத்தில் இருந்த மனிதருக்குத் தெரியாததல்ல. அதைவிட, அந்த மாசியில் சாம்பல் கூடையைத் தலையில் சுமந்துபோய் அங்கே கவிழ்த்தவரே வெயிலுமுத்துதான். வேறு ஒருவர் அந்த மூலை மண்ணைக் கொண்டுவந்து காட்டியிருந்தால், சாம்பலை எதுக்குய்யா சோதிக்கீரு என்று சிரித்திருப்பார். பச்சையைப் பார்க்க வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டதில் சொந்தக் கை செய்ததே அவருக்கு மறந்துபோனது. நல்ல மனிதர், என்ன செய்வது.

கிழங்கில் பாதியை அங்கே நட்டார். நட்ட இடத்தைச் சுற்றிக் குச்சி ஊன்றினார். காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்தார்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் மழை மாதிரி அடித்துவிட்டு விலகுகிற மழையல்ல இது. மலைமழை உட்கார்ந்து பெய்யும். வடமேற்கு மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு ஓடை கிளம்பி, படிக்கட்டு வழியாக இறங்கிக் கீழே ரோட்டுக்குப் போயிற்று. படியில் நின்று அதைப் பார்த்தபோதுதான் வெயிலுமுத்துவுக்குச் சாம்பல் கூடை ஞாபகம் வந்தது. குடை இல்லாமல் ஓடிப்போய்த் தோண்டினார். சாம்பல் போன இடத்தில் சிவந்த மலைமண் தெரிந்தது. கிழங்குகள் கருத்துக் குழைந்து விரலோடு வந்தன.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். செண்பகம் இறந்த அன்று ஊர்க்கூட்டத்துக்கு நடுவில் அழ முடியாமல் போயிற்று. அன்று அழாததையும் சேர்த்து இப்போது மழையில் அழுதார்.

மழை வெறித்த ஒரு காலையில் மீதிக் கிழங்கு முடிச்சோடு அம்மாவிடம் வந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் குரலில் ஒரு தீர்மானம் இருந்தது. பாதை சரியானதும் ஊருக்குப் போய்க் கரிசல் மண்ணையே மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிடுவது, ஆழமாகக் குழி எடுத்து அதை நிரப்பி அதற்குள் நடுவது என்று முடிவு செய்திருந்தார். தண்ணீர் நிற்காமலிருக்க அடியில் ஜல்லி போடுவது வரை யோசித்து வைத்திருந்தார். அம்மா உத்தரவு கொடுத்தால் போதும்.

"சாக்கு வேணுமா?" என்று கேட்டார் அம்மா.

"வேணும்மா."

"உக்கிராண அறையில இருக்கு. எடுத்துக்கிடுங்க."

இவ்வளவு சுலபத்தில் உத்தரவு கிடைக்கும் என்று வெயிலுமுத்து எதிர்பார்க்கவில்லை. போய்ச் சாக்குகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். அம்மா விளக்குக்குப் புளியைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"செண்பகம் மதினிக்கு எந்த ஊரு?"

வெயிலுமுத்து நின்றார். "இந்த மலைதாம்மா. ரெண்டு வளைவு தள்ளி. அவ அப்பா தோட்டத்துல கணக்குப்பிள்ளையா இருந்தாரு."

"அங்கயிருந்து கரிசலுக்கு வரும்போது மதினி என்ன கொண்டாந்தாக?"

அவர் சாக்கைக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். அதைப் பற்றி யாரும் அவரிடம் இதுவரை கேட்டதில்லை. கேட்டதும் எல்லாம் வந்துவிட்டது.

கல்யாணமாகி வந்த வருஷம் அவள் கொண்டுவந்தது ஒரு பால்பவுடர் டப்பா. அதில் மண், மண்ணில் ஒரு கன்று. மரத்தக்காளிக் கன்று என்றாள். தக்காளி மரத்திலா காய்க்கும் என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். காய்க்கும், முட்டை மாதிரி சிவப்பாகத் தொங்கும், சுட்டுத் தோலுரித்துப் பச்சை மிளகாய் வைத்துத் துவையல் அரைத்தால் சோறு எங்கே போகிறதென்று தெரியாது என்றாள். பழத்தை எடுத்து வரலாம் என்றால் மலை இறங்குவதற்குள் பஸ்ஸில் நசுங்கிவிடும். அதனால் கன்று. கிணற்றடியில் நட்டாள். கழுவின தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். இலை மஞ்சளானது, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது, பிறகு காய்ந்துபோனது. அடுத்த முறை பிறந்த வீட்டுக்குப் போனபோது இன்னொரு கன்று கொண்டுவந்தாள். அதுவும் அப்படியே போயிற்று. வருஷா வருஷம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் இடுப்பில் அந்த டப்பா இருக்கும்.

"ஒரு வருஷம் நானே சோதிச்சுக் காட்டினேன்மா" என்றார் வெயிலுமுத்து. "பள்ளிக்கூடத்துலயிருந்து லிட்மஸ் கொண்டாந்து வச்சேன், நீலமாச்சு. கிணத்தடி மண்ணை ஒரு செரட்டையில போட்டு, எலுமிச்சையப் புழிஞ்சேன். பொங்குச்சு. பாத்தியா, சுண்ணாம்பு மண்ணு, உங் கன்னு இதுல நிக்காது, மண்ணு உனக்காக மாறுமான்னேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சோதனை அன்று நன்றாக அமைந்திருந்தது, அந்தப் பெருமை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"அதுக்கு மதினி என்ன சொன்னாக?"

"செரட்டையவே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம், சரி, இதுல என்ன வரும்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல. எனக்கு என்ன வராதுன்னுதானே தெரியும்."

அம்மா விளக்கு தேய்ப்பதை நிறுத்தினார். அவர் மேலே சொல்லட்டும் என்று இருந்தார்.

மேலே சொல்ல அதிகம் இல்லை. அதற்கப்புறம் செண்பகம் கன்று கொண்டுவரவில்லை. மழை விழுந்ததும் களையெடுக்கப் போகிற பெண்களோடு ஒரு நாள் புஞ்சைக்குப் போனாள். திரும்பும்போது மடியில் அதலக்காய் இருந்தது. எப்படி ஆய்வது, எவ்வளவு நேரம் வதக்குவது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவந்து பொரித்தாள். முதல் நாளே தட்டை வழித்துச் சாப்பிட்டாள். நல்லாத்தான் இருக்கு என்றாள். அதிலிருந்து அவள் கைப் பொரியல்தான் ஊரிலேயே பேர் பெற்றது.

வெயிலுமுத்து ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலோரம் டம்ளர்கள் இன்னும் இருந்தன. செம்பருத்தித் தண்ணீர் வெளிறிப்போயிருந்தது.

"பாத்தியில எடுத்த மண்ணு என்ன நிறம் அண்ணாச்சி?"

"ரோஸ்" என்றார்.

அம்மா விளக்கை அவரிடம் நீட்டி, கொஞ்சம் கழுவிக்கொடுங்க என்றார். விளக்கை அவர் இன்னொருவர் கையில் கொடுத்தது அன்றுதான். வெயிலுமுத்து கழுவி, துடைத்து, சன்னதியில் வைத்தார். திரும்பி வந்து சாக்குகளை மடித்து எடுத்த இடத்திலேயே வைத்தார்.

மறுநாள் காலையில் வந்து நின்றார்.

"அம்மா, இந்த மண்ணுல என்ன வரும்?"

அம்மா சிரித்துவிட்டார். "எனக்கெப்படித் தெரியும்? நான் வயக்காட்டுல வளந்தவ. இந்த மலைக்காரங்க யாரையாவது போய்க் கேளுங்க."

ரோட்டோரம் எஸ்தர் டீக்கடை வைத்திருந்தாள். கடைக்குப் பின்னால் சரிவில் அவளுக்கு ஒரு துண்டு தோட்டம். வெயிலுமுத்து ரோஸ் டம்ளரோடு போய் நின்றார். டீ கேட்காமல் டம்ளரைக் காட்டுகிற கிழவரை அவள் ஒரு மாதிரிப் பார்த்தாள். அவர் விஷயத்தைச் சொன்னதும் கலகலவென்று சிரித்துப் பின்பக்கம் கூட்டிப்போனாள். உருளைக்கிழங்கு, பீன்ஸ், முள்ளங்கி, சர்க்கரைவள்ளி எல்லாம் கேட்காமலே வரும் என்றாள். முட்டைக்கோசும் பீட்ரூட்டும் வேண்டுமென்றால் அந்தப் பாத்திக்கு மட்டும் கொஞ்சம் சுண்ணாம்பு தூவ வேண்டும், அதை மழைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். விதை உருளையும் கொஞ்சம் பீன்ஸும் கொடுத்தாள். அவர் கிளம்பும்போது, ஓட்டைச் சட்டியில் தானாக முளைத்து நின்ற ஒரு கன்றைப் பிடுங்கி, இதையும் ஒரு ஓரத்தில் வையுங்கள் என்று நீட்டினாள். இலை உள்ளங்கையை விட அகலமாக இருந்தது.

"இது என்ன கன்னும்மா?"

"மரத்தக்காளி" என்றாள் எஸ்தர்.

வெயிலுமுத்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதை இரண்டு கையாலும் வாங்கினார். டீ குடிக்காமலே வந்துவிட்டார்.

கன்றை ரோஸ் மண்ணில் வைத்தார். பாதை திறந்ததும் மீதிக் கிழங்கு முடிச்சை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார், சாக்கு எடுத்துப்போகவில்லை. புஞ்சை இருந்த இடத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். உள்ளே கண்ணுக்கெட்டிய தூரம் சோலார் பலகைகள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரக் கரிசல் வாசம் மூக்கில் ஏறியது. வேலிக்கு வெளியே வாய்க்கால் ஓரத்தில் யாரும் நடாமலே அதலைக்கொடி படர்ந்து, பூத்திருந்தது. அதன் பக்கத்திலேயே குழி பறித்துத் தன் கிழங்குகளையும் போட்டு மூடினார். செருப்பில் அப்பிய மண்ணைத் தட்டாமல் பஸ் ஏறினார்.

தோட்டம் எழுந்தது. அந்த முறை மழைக்குப் பிந்திப் போட்டதால் உருளை சின்னதாகத்தான் விழுந்தது. அடுத்த மழைக்கு மடம் தன் காயைத் தானே சாப்பிட்டது. மரத்தக்காளி ஆள் உயரத்துக்கு வளர்ந்து, குடை மாதிரி விரிந்து, மறு வருஷம் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. முதல் பழம் சிவக்கும் வரை வெயிலுமுத்து யாரையும் தொட விடவில்லை.

சிவந்த அன்று அவரே அடுக்களைக்குள் போனார். பழங்களைத் தணலில் போட்டுத் தோல் வெடிக்கும் வரை சுட்டார். பச்சை மிளகாய், பூண்டு, உப்பு வைத்து அம்மியில் அரைத்தார். செண்பகம் மழை பெய்யும் போதெல்லாம் வாயாலேயே அரைத்துக் காட்டிய துவையல் அது. கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். சாப்பிட்டதில்லை, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு வைத்துவிட்டு, எதிரே இலை போட்டு உட்கார்ந்து, சோற்றில் பிசைந்து ஒரு வாய் எடுத்தார். கண் இடுங்கிற்று. பல் கூசி, கன்னம் இரண்டும் உள்ளே போயின. ஒரு டம்ளர் தண்ணீரை அப்படியே குடித்தார்.

"என்னம்மா இப்படிப் புளிக்கு. ஒரு பக்கம் துவர்க்கவும் செய்யுது. இதுக்கா அவ அத்தனை வருஷம் டப்பாவைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சா?"

அம்மா தன் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். மெதுவாகத்தான் சாப்பிட்டார்.

"அதலக்காய் முதல் நாள் மதினி வாய்க்கு எப்படி இருந்திருக்கும் அண்ணாச்சி?"

வெயிலுமுத்து துவையல் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, சோற்றில் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.